காங்கயம் கொறங்காட்டு நடை: 850 ரூபாய்க்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை

போன ஞாயிறு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு காங்கயம் பக்கம் ஒரு நடைக்குப் போய்வந்தேன். சங்கப் பாட்டை அந்தப் பாட்டு சொல்லும் மண்ணிலேயே நின்று படிப்பது, செடி கொடி பார்ப்பது, மதியம் ஒரு தோட்டத்தில் சாப்பாடு, பிற்பகல் கொடுமணல், கடைசியாக நொய்யல், இதுதான் திட்டம். ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவரும் தாவரவியல் படித்த ஒரு தம்பியும் சேர்ந்து நடத்துகிறார்கள். பெயர்ப்பலகை, அலுவலகம், ரசீது எதுவும் கிடையாது, தெரிந்தவர் மூலம் வாட்ஸ்அப்பில் சேர்ந்துகொள்ள வேண்டியதுதான். பெரியவர்களுக்கு 850, பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு 400. திருப்பூரிலிருந்து வேன், காலை டீ, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் வந்துவிடும். நாங்கள் போன அன்று 14 பேர்.

போகலாமா என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். போகலாம், கட்டாயம் போகலாம். ஆனால் சில குறைகள் இருக்கின்றன, அதையும் சொல்கிறேன்.

வெடியால ஆறு மணிக்கு வேன் கிளம்பியது. காங்கயம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ஒரு கொறங்காட்டில் இறக்கினார்கள். கொறங்காடு தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை: காங்கயம், வெள்ளகோவில், தாராபுரம், மூலனூர் பக்கமெல்லாம் ஆடு மாடு மேய்க்கவென்றே விட்டிருக்கும் நிலம் அது. சுற்றிலும் கிளுவைக் குச்சியை நட்டு வளர்த்த உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்ளவேலாமரம். மழை பெய்தால் புல்லு முளைக்கும், கோடையில் புல்லு காய்ந்த பிறகு வேலாங்காய் உதிர்ந்து ஆட்டுக்குத் தீனியாகும். தண்ணீர் பாய்ச்சுவதில்லை, உழுவதும் எப்போதாவதுதான். மேற்கு மலைகளுக்குக் கிழக்கே மழை மறைவில் கிடக்கிற மண்ணில், மழை பொய்த்த வருடங்களிலும் ஒரு குடும்பத்தையும் நாலு மாட்டையும் காப்பாற்றிக் கொடுத்த ஏற்பாடு இது. காங்கயம் மாடு என்று ஊரெல்லாம் பேசுகிறோமே, அந்த மாடு இந்தப் புல்லைத் தின்றுதான் அப்படி ஆனது.

வாத்தியார் முதலில் பாட்டுக்கே போகவில்லை. என் மகளைக் கூப்பிட்டு, "கண்ணு, பள்ளிக்கூடத்துல அஞ்சு திணையும் படிச்சிருப்பயே, முல்லைன்னா என்ன சொல்லு பார்க்கலாம்" என்றார். அவள் எட்டாவது. மனப்பாடமாக ஒப்பித்தாள், காடும் காடு சார்ந்த இடமும், பொழுது கார்காலம், மாலை, தெய்வம் மாயோன், உணவு வரகு சாமை, தொழில் மாடு மேய்த்தல், ஏறு தழுவல். "சரி, இப்ப நீ நிக்கற எடம் என்ன திணை?" என்று கேட்டார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாலையா சார்? ஒரே முள்ளாத்தான் இருக்கு" என்றாள்.

அப்போது பின்னால் நின்ற அம்மா, வேலியில் கையை வைத்துக்கொண்டே சொன்னார்: "ஏன் கண்ணு, இது காடுதானே. காட்டுக்குள்ள நின்னுக்கிட்டு என்னமோ பாலைங்கறே."

எனக்கு ஒரு நிமிடம் பேச்சு வரவில்லை. எங்கள் பக்கத்தில் காடு என்றால் வனம் கிடையாது. கிணற்றுப் பாசனம் இருந்தால் தோட்டம், ஆற்றுத் தண்ணீரோ வாய்க்கால் தண்ணீரோ பாய்ந்தால் வயல், மழையை மட்டும் நம்பினால் காடு. "காட்டுக்குப் போயிட்டு வரேன்" என்று அப்பாரு (தாத்தா) சொல்லிவிட்டுப் போனால் கம்பங்காட்டுக்கோ சோளக்காட்டுக்கோ போகிறார் என்று அர்த்தம். இதெல்லாம் பிறந்ததிலிருந்து தெரிந்த சொல். ஆனால் பாடப்புத்தகத்தில் காடு என்ற எழுத்தைப் பார்த்தவுடன் யானையும் அருவியும்தான் மனதில் வந்தன. நாற்பத்தி மூன்று வயது வரைக்கும், முல்லைத் திணை என்பது எங்கோ மலையடிவாரத்தில் இருக்கிற ஒன்று, நாங்கள் இருப்பது வறண்ட பூமி என்றே நினைத்திருந்தேன். மாடு மேய்க்கிறவர்கள், வரகும் சாமையும் தின்றவர்கள், மழைக்காகக் காத்துக் கிடந்தவர்கள், அத்தனையும் எங்கள் வீட்டு ஆட்கள்தான் என்று ஒரு வாத்தியாரும் எனக்குச் சொல்லவில்லை. முல்லைக்கு உரிய ஒழுக்கம் 'இருத்தல்', காத்திருப்பது. ஆடி போய் ஆவணி போய் ஐப்பசி வந்தும் மேகத்தைப் பார்த்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்த அப்பாருவை விட அதற்கு என்ன உதாரணம் வேண்டும்?

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், எங்களுக்கும் நாலு ஏக்கர் கொறங்காடு இருந்தது. 2009இல் விற்றுவிட்டோம். விலை பேச வந்தவர்கள் முதல் நாளிலிருந்தே 'தரிசு' என்றே சொன்னார்கள். "இந்தத் தரிசை வெச்சுக்கிட்டு என்னங்க பண்ணப் போறீங்க?" நாங்களும் இரண்டு மாதத்தில் அதையே சொல்ல ஆரம்பித்துவிட்டோம், வீட்டுக்குள்ளேயே தரிசு தரிசு என்று பேசிப் பேசித்தான் கையெழுத்துப் போட்டோம். இப்போது அங்கே கலர் கல் நட்டு மனைப்பிரிவு போட்டிருக்கிறார்கள், கிளுவை வேலியை ஒரே நாளில் பொக்லைன் வைத்துப் பிடுங்கினார்கள். ஒரு நிலத்தை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறோமோ அப்படித்தான் அதை நடத்துகிறோம். இதை நான் இந்த நடைக்குப் போன அன்றைக்குத்தான் முழுசாக உணர்ந்தேன்.

சரி, நடைக்கு வருகிறேன்.

அப்புறம்தான் பாட்டு. அகநானூறு 79, குடவாயிற் கீரத்தனார் பாடியது. கொங்கர்கள் பாறையில் பொறி பறக்க இடித்துத் தோண்டிய உவர்ப்பு நீர் ஊறும் கிணறு, அதை நோக்கி மணி கட்டிய மாட்டுக்கூட்டம் தலை நிமிர்ந்து போவது, அவற்றின் காலடியில் கிளம்புகிற செம்மண் தூசி வானத்தில் தூணாக நிற்பது. 'கொங்கர் படுமணி ஆயம் நீர்க்கு நிமிர்ந்து செல்லும்' என்று வாத்தியார் இரண்டு தடவை நிறுத்திப் படித்தார். அந்த நேரம் பார்த்துத் தோட்டக்காரர் கட்டுத்தரையிலிருந்து மாடுகளை அவிழ்த்துவிட்டார், அது ஏற்பாடா தற்செயலா தெரியவில்லை, ஒரு மயிலைப் பசு, இரண்டு செவலைக் கன்று, ஒரு காரிக்காளை. கன்று பிறக்கும்போது செவலையாகத்தான் இருக்கும், வளர வளரத்தான் நிறம் மாறும் என்று தம்பி பிள்ளைகளுக்கு விளக்கினான்.

பாட்டைப் படித்து முடித்துவிட்டு வாத்தியார் ஒன்று சொன்னார், அன்றைய நாளில் நான் கேட்டதிலேயே சிறந்த விஷயம் அதுதான். அகநானூற்றில் ஒற்றைப்படை எண் உள்ள பாட்டெல்லாம் பாலைத் திணை. அப்படியானால் 79ஆம் பாட்டும் பாலை. பொருள் தேடிப் போகிறவன் கடந்து போகிற கொடிய வழியாகத்தான் கொங்கு நாடு அதில் வருகிறது. "வழிப்போக்கனுக்கு இது பாலை. ஆனா அந்தக் கெணத்தத் தோண்டினவனுக்கு இது என்னன்னு யோசிங்க" என்றார். என் மகளும் நிலத்தைப் பார்த்துப் பாலை என்றுதான் சொன்னாள், அம்மா காடு என்றார். இரண்டாயிரம் வருடமாக நடக்கிற அதே வாதம். பாட்டு எழுதியவர் பார்த்தது பொய் இல்லை, தூசியையும் உவர்ப்பையும் அவ்வளவு கண்ணும் கருத்துமாகப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆனாலும் ஒரு நிலத்தைப் பற்றி அங்கே வாழ்கிறவர்கள் பாடிய பாட்டும் வேண்டும், கடந்து போகிறவர்கள் பாடிய பாட்டு மட்டும் போதாது.

அடுத்து ஒரு பயிற்சி. தொல்காப்பியத்தில் கருப்பொருள் பட்டியல் வரும், 'தெய்வம் உணாவே மா மரம் புள் பறை' என்று (மா என்றால் விலங்கு, புள் என்றால் பறவை). அந்தத் தலைப்புகளை மட்டும் அச்சடித்து எல்லோருக்கும் ஒரு தாள் கொடுத்து, இந்த இடத்தில் நீங்கள் பார்ப்பதை வைத்து நிரப்புங்கள் என்றார்கள். புத்தகத்தில் இருப்பதை எழுதக் கூடாது. இது மிக நல்ல யோசனை, பள்ளிக்கூடங்களில் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். என் மகள் தாளில் இருந்ததைச் சொல்கிறேன். தெய்வம்: வேலாமரத்தடியில் ஏழு கல், கன்னிமார். உணவு: கம்பு, சோளம், கொள்ளு. மரம்: வெள்ளவேல். பறவை: கௌதாரி, மயில், ஆள்காட்டி. பறை: அம்முச்சி (என் அம்மா) சொன்ன உடுக்கை, அண்ணன்மார் கதைக்கு (பொன்னர் சங்கர் கதை) அடிப்பது. தொழில்: மேய்ச்சல். பூ என்ற இடத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாறினாள், அதற்குள் வேலி ஓரத்தில் செங்காந்தளைக் கண்டுபிடித்துவிட்டார்கள்.

செங்காந்தளைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் இருக்க முடியாது. தமிழ்நாட்டின் மாநிலப் பூ, சங்கப் பாட்டில் பெண்களின் விரலுக்கு உவமையாக வருகிற பூ, அதுவே எங்கள் பக்கத்தில் கண்வலிக்கிழங்கு. மூலனூர், தாராபுரம் பக்கம் பந்தல் போட்டு, கம்பி கட்டி, ஏக்கர் கணக்கில் பயிரிடுகிறார்கள். விதை மருந்துக் கம்பெனிகளுக்குப் போகிறது, அதிலிருந்து எடுக்கும் கால்சிசின் கீல்வாத மருந்துக்கு உதவுகிறது. செடி முழுக்க விஷம். அம்மாவுக்குக் கண்வலிக்கிழங்கு தெரியும், மகளுக்குக் காந்தள் தெரியும், இரண்டும் ஒன்று என்பது இருவருக்கும் தெரியாது. வேலியோரம் நின்று அந்தப் பூவை இருவரும் பார்த்துக்கொண்டிருந்ததை ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன். பிள்ளைகளோடு போகிறவர்கள் மட்டும் கிழங்கையோ விதையையோ தொடவிடாதீர்கள், தம்பியும் அதை மூன்று முறை சொன்னான்.

சாப்பாடு பத்துக்கு ஒன்பது. புரட்டாசி என்பதால் சைவம். சாமைச்சோறு, கொள்ளுப்பருப்பு, பச்சைப்புளி ரசம், கீரைக்கடைசல், கம்மங்கூழ், கடைசியில் ஒப்புட்டு. கொள்ளுப்பருப்பில் நல்லெண்ணெய் தாராளம். தோட்டத்து வீட்டு அக்காதான் சமைத்தாராம், இரண்டாவது முறை கேட்க வேண்டியதே இல்லை, அவரே வந்து வைக்கிறார்.

இப்போது குறைகள். முதல் குறை கழிப்பறை. தோட்டத்தில் ஒன்றுதான் இருக்கிறது, 14 பேருக்கு அது போதாது, கொடுமணல் பக்கம் அதுவும் இல்லை. பெண்கள் பாதிக்கு மேல் வருகிற நடைக்கு இதை முதலில் சரிசெய்ய வேண்டும். இரண்டாவது, கையேட்டில் எழுத்துப்பிழைகள். பாட்டையே தப்பாக அச்சடித்தால் பிள்ளைகள் அதைத்தான் படிக்கும்.

மூன்றாவது பெரிய குறை. நாள் முழுக்கப் பாட்டுச் சொன்னது ஆண்கள்தான், அதுவும் ஏட்டில் இருக்கிற பாட்டு மட்டும்தான். கொங்கு நாட்டில் செடி கொடியைப் பற்றிய அறிவு முக்கால்வாசி நோம்பியில், அதாவது பண்டிகையில் இருக்கிறது. பொங்கலுக்கு முந்தின நாள் காப்புக் கட்டுகிறோம், வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் காட்டுக்கும் செருகுவோம். பொங்கல் முடிந்து பூப்பறிக்கிற நோம்பி, பெண்டு பிள்ளைகள் எல்லாம் கும்மி பாடிக்கொண்டு ஆவாரம்பூ பறிக்கப் போவார்கள். கோயம்புத்தூரில் ஆவாரம்பாளையம் இருக்கிறது, பீளமேடுகூடப் பூளைமேடுதான் என்று சொல்வார்கள், இன்று அங்கே ஒரு பூளைச் செடியைக் காட்டச் சொன்னால் யாரால் முடியும்? பஸ் ஸ்டாண்டு முன்னால் பத்து ரூபாய்க்குக் காப்புக்கட்டு வாங்கிச் செருகிவிட்டு வேலையை முடித்துக்கொள்கிறோம். அந்தக் கும்மியை ஒரு பெண் நின்று பாடியிருந்தால் அகநானூற்றுக்குச் சமமாக இருந்திருக்கும். திரும்பும்போது இதை வாத்தியாரிடம் சொன்னேன். கோபித்துக்கொள்ளவில்லை, குறித்துக்கொண்டார்.

பிற்பகல் கொடுமணல். சென்னிமலை தாண்டி நொய்யலின் வடகரையில் இருக்கிற ஊர், பதிற்றுப்பத்தில் 'கொடுமணம்' என்று வருவது இதுதான் என்கிறார்கள். 1980களிலிருந்து பல முறை அகழாய்வு செய்திருக்கிறார்கள். இரும்பு உருக்கிய உலை, கல்மணி செய்த இடங்கள், தமிழி (தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடுகள், நூல் நூற்கும் தக்களி எல்லாம் கிடைத்த இடம். இப்போது போனால் பார்க்கப் பெரிதாக ஒன்றும் இல்லை, மூடிய குழிகளும் ஈமச்சின்னக் கற்களும்தான். எதிர்பார்ப்போடு போகாதீர்கள். ஆனால் இங்கே வாத்தியாரோடு எனக்கு ஒரு கருத்து வேறுபாடு வந்தது. பழந்தமிழர் இயற்கையை ஒரு துளிகூடக் கெடுக்காமல் வாழ்ந்தார்கள் என்று உணர்ச்சியோடு பேசினார். இரும்பை உருக்கக் கரி வேண்டும், கரிக்கு மரம் வேண்டும். அத்தனை உலை எரிந்த ஊரில் மரம் வெட்டாமலா இருந்திருப்பார்கள்? அவர்களும் தொழில் செய்தவர்கள், ஏற்றுமதி செய்தவர்கள், எங்கள் திருப்பூர் மாதிரி. அவர்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. முன்னோரைப் புனிதர்களாக்கிவிட்டால் அவர்களிடமிருந்து நாம் கற்க ஒன்றும் மிஞ்சாது, கும்பிட மட்டும்தான் முடியும்.

நொய்யலுக்குப் போனபோது வெயில் இறங்கிவிட்டது. ஒரத்துப்பாளையம் அணை. நான் பனியன் கம்பெனியில் 19 வருடம் கணக்குப் பார்க்கிறேன், இந்த அணையைப் பற்றிக் காகிதத்தில் நிறையப் படித்திருக்கிறேன், நேரில் வந்தது இதுதான் முதல் தடவை. பாசனத்துக்காகக் கட்டிய அணை, 1990களில் சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப்போனது. கீழே இருந்த விவசாயிகள் வருடக்கணக்கில் கோர்ட்டு ஏறி இறங்கினார்கள், 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது, கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத ஏற்பாடு செய்தபிறகே திறக்கலாம் என்றது. அந்த மாதங்களில் எங்கள் கம்பெனியில் சம்பளம் தள்ளிப்போனது நினைவிருக்கிறது. அன்றைக்கு விவசாயிகள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அங்கே வாத்தியார் சிலப்பதிகாரத்திலிருந்து மூன்று அடி மட்டும் படித்தார்.

'முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்'

பாலை என்று தனியாக ஒரு நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் தன் இயல்பை இழந்தால் பாலையாகும் என்கிறார் இளங்கோவடிகள். அவர் சொன்னது கோடை வெயிலை. மழை பெய்தால் அது திரும்பி முல்லையாகிவிடும். நொய்யலுக்கு அந்த வழி அவ்வளவு சுலபம் இல்லை, சாயமும் உப்பும் மண்ணுக்குள் இறங்கிய கிணறுகள் ஒரு மழையில் தெளிவதில்லை. இதே ஆறு வெள்ளிங்கிரி மலையில் பிறந்து பேரூரைத் தொட்டு வருகிறது, அங்கே பட்டீசுவரர் கோயிலில் ஆனி மாதம் சாமியே வயலில் நாற்று நடுகிற திருவிழா நடக்கிறது. காஞ்சிமாநதி என்று புராணம் பாடிய ஆறு. அவ்வளவு பாட்டும் பூசையும் இருந்தும் இது நடந்தது. அதனால் பாட்டு இருந்தால் ஆறு பிழைத்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன், வழக்குப் போட்ட விவசாயிகள் இல்லாமல் ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் இழந்தது எது என்று தெரிந்தவர்கள்தானே வழக்குப் போடுவார்கள்.

இந்தக் கடைசிப் பகுதிக்கு இருபது நிமிடம்தான் ஒதுக்கினார்கள். இது பெரிய தவறு. கொடுமணலைக் குறைத்துக்கொண்டு இங்கே ஒரு மணி நேரமாவது உட்காரவைக்க வேண்டும், அந்தப் பகுதி விவசாயி ஒருவரையும் பேசச் சொல்ல வேண்டும்.

ஐந்துக்கு நாலு தரலாம். தமிழ் படித்த பிள்ளைகள், குறிப்பாக எட்டாவதிலிருந்து பன்னிரண்டாவது வரை படிப்பவர்கள் இருந்தால் யோசிக்காமல் கூட்டிப்போங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் கூட்டிப்போங்கள், முட்டி வலி இருப்பவர்களும் நடக்கலாம், காலையில் இரண்டு கிலோமீட்டர்தான், மேடு பள்ளம் இல்லை. தொப்பி, தண்ணீர், முழங்கால் வரை மூடும் துணி அவசியம், முள் இருக்கிறது. ஆடியில் போகாதீர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பேச்சையெல்லாம் அடித்துக்கொண்டு போய்விடும். புரட்டாசி, ஐப்பசி நல்ல மாதம், புல்லும் இருக்கும் காந்தளும் இருக்கும்.

இன்னொரு செய்தி. நடை முடிந்து வேனில் ஏறும்போது வாத்தியார் அம்மாவிடம் வந்து, "ஏனுங்கம்மா, மார்கழி மாசம் காப்புக் கட்டுக்கு முந்தின ஞாயித்துக்கெழமை ஒரு நடை வெக்கலாம்னு இருக்கறேன், நீங்க வந்து அந்தக் கும்மிய ரெண்டு அடி பாடித் தரோணுங்க" என்று கேட்டார். அம்மா முதலில் கூச்சப்பட்டார், அப்புறம் "கூட எங்க நாத்தனாரும் வந்தாத்தானுங்க பாட வரும்" என்றார். இருவருக்கும் இடம் ஒதுக்கியாயிற்று. மீதி பன்னிரண்டு இடம் இருக்கிறது.